சாயர்புரத்து வாத்தியார்

மக்களே, ஜி.யு. போப் யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க? பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகம் ஞாபகம் இருந்தா, திருக்குறளை ஆங்கிலத்துல மொழிபெயர்த்தவர்னு சொல்வீங்க. வாட்ஸ்அப்லயே குடியிருக்கிற ஆளா இருந்தா, தன் கல்லறையில தமிழ் மாணவன்னு எழுதச் சொன்னவர்னும் சேர்த்துச் சொல்வீங்க. அந்தக் கல்லறைக்குக் கடைசியில வருவோம்.

நான் சொல்லப் போறது வேற போப்பைப் பத்தி. ஊர் விட்டு ஊர் போய், ஒவ்வொரு ஊர்லயும் முதல்ல இருந்து வாத்தியார் வேலை ஆரம்பிச்ச போப். சென்னை, சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூரு, ஆக்ஸ்போர்டு. நாலாவது வருஷம் படிச்சிட்டு பிளேஸ்மென்ட் லிஸ்ட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிற உங்களுக்கு, இந்தப் பட்டியல் ஒரு ரெஸ்யூமே மாதிரி தெரிஞ்சா தப்பில்லை. ரெஸ்யூமேவேதான்.

ஜார்ஜ் உக்லோ போப் 1820 ஏப்ரல் 24-ல் பிறந்தது இன்றைய கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில். அப்பா வியாபாரி, பூர்வீகம் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை. பையனுக்கு ஆறு வயசு ஆனபோது, 1826-ல், குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. ஆக ஊர் மாறுறது அவருக்குச் சின்ன வயசுலயே பழகிப் போச்சு. வெஸ்லியன் சபை நடத்திய பள்ளிகளில் படித்தார். பிறகு லண்டன் ஹாக்ஸ்டனில் அதே சபையின் இறையியல் பள்ளி. பல்கலைக்கழகப் படியை மாணவனா அவர் மிதிக்கவே இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1837-ல் அவர் முதல் தமிழ்ப் பாடம் படித்தார். வயசு 17. இன்னும் இங்கிலாந்தை விட்டே கிளம்பவில்லை. போகப் போகிற ஊரின் மொழியைப் போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தொடங்கிட்டார். நம்ம ஆளுங்க ஜெர்மனிக்கு விசா போட்டுட்டு ஏ-ஒன் கிளாஸ்ல சேர்ற மாதிரின்னு வச்சுக்கோங்க. என்ன, அன்னைக்கு ஆப் கிடையாது, கையில் கிடைத்த ஒன்றிரண்டு புத்தகம்தான்.

1839-ல் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 30 வருஷம் இருந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகத்தான் சென்னை வரணும். மாதக்கணக்கில் ஓடும் பாய்மரக் கப்பல் பயணம் அது. வந்து இறங்கியபோது அவருக்கு 19 வயசு. உங்கள்ல பாதிப் பேர் செகண்ட் இயர் அரியர் எழுதுற வயசு.

சென்னையில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்தான் பெரிய அதிர்ஷ்டம். முகவை இராமாநுச கவிராயர். முகவைன்னா ராமநாதபுரம். கவிராயரும் தெற்கேயிருந்து சென்னைக்கு வந்து தமிழ் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர்தான். அகராதி போட்ட வின்சுலோ, குறளின் ஒரு பகுதியை ஆங்கிலமாக்கிய துரு பாதிரியார் எல்லாருமே கவிராயரிடம் பாடம் கேட்டவர்கள். வெள்ளைக்காரன் தமிழுக்குச் செய்த தொண்டுன்னு நாம பேசுற பேச்சில் பாதி இந்த மாதிரி வாத்தியார்களின் திண்ணையில் நடந்த வேலை. அவங்க பேரில் காலேஜ் இல்லை, சிலையும் இல்லை. இது என் ஆதங்கம், போப் மேல குறையில்லை. கவிராயரைப் பற்றி போப் கடைசி வரைக்கும் மரியாதையாகவே எழுதினார்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

தூத்துக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டர் சுமாருக்கு உள்ளே இருக்கு சாயர்புரம். செம்மண் தேரி, பனை, உடை மரம். சாயர் என்ற வணிகர், புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய குடும்பங்கள் குடியேறுவதற்காக வாங்கிக் கொடுத்த நிலம் அது. அதனால்தான் அந்தப் பேர். போப் 1842 வாக்கில் இங்கே வந்து சேர்ந்தார். வெஸ்லியன் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, 1843-ல் டீக்கன், 1845-ல் குரு. கம்பெனி மாறித்தான் நம்ம பக்கம் வந்தார்னு சொல்லலாம்.

அப்போ தூத்துக்குடி எப்படி இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு ஊர் நிரந்தரமாக வந்தது 1825-ல். ரயில் கிடையாது, அது வந்தது 1876-ல்தான். இன்னைக்கு நாம பார்க்கிற பெரிய துறைமுகத்துக்கு இன்னும் நூத்திச் சொச்சம் வருஷம் பாக்கி. பெரிய கப்பல்கள் ஆழக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில்தான் பஞ்சுப் பொதி ஏத்தணும், ஆள் இறக்கணும். முத்துக்குளிப்பு? பேருக்குத்தான் முத்து நகர். 1830-ல் ஒரு முத்துக்குளிப்பு நடந்தது. அதுக்கப்புறம் பார்களைப் போய்ப் போய்ச் சோதித்தும் குளிக்கிற அளவுக்குச் சிப்பி இல்லை. அடுத்தது 1860-ல்தான். முப்பது வருஷம். போப் இந்தக் கடற்கரையில் இருந்த காலம் முழுக்க அந்த முப்பது வருஷத்துக்கு நடுவில் அடங்கிப் போகுது. அவர் இங்கே ஒரு முத்துக்குளிப்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அப்படிப்பட்ட இடத்தில் அவர் ஒரு செமினரி தொடங்கினார். போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் பள்ளி. பனையேறி வீட்டுப் பிள்ளைகளும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காரும் வகுப்பில் அவர் வைத்த பாடங்களைக் கேளுங்க: தமிழ், ஆங்கிலம், லத்தீன், எபிரேயம், கணிதம், தத்துவம். தேரிக்காட்டுக்கு நடுவில் லத்தீன்! இது தேவையான்னு அன்னைக்கே கேட்டவங்க இருந்திருப்பாங்க. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனா ஒண்ணு, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்னு அளந்து ஊத்துற வாத்தியாரா அவர் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பையனுக்கு என்ன பாடமோ அதே பாடம் சாயர்புரத்துப் பையனுக்கும்னு நினைத்தார். அதில் பெருமை பாதி, பிடிவாதம் பாதி.

வீட்டுப் பக்கம் நிலைமை வேற. 1841-ல் கார்வர் என்ற போதகரின் மகள் மேரியைக் கல்யாணம் பண்ணியிருந்தார். 1845-ல் மேரி தூத்துக்குடியில் இறந்து போனார். போப்புக்கு வயசு 25. குருப்பட்டம் வாங்கின அதே வருஷம். வெளியூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு நாம ஸ்டேட்டஸ் போடும்போது, கூட வர்றவங்க என்ன விலை கொடுக்கிறாங்கன்னு யாரும் கணக்குப் பார்க்கிறதில்லை. அன்னைக்கு இந்த நாட்டுக்கு வந்த பல மிஷனரிக் குடும்பங்களில் இதுதான் கதை. ஆஸ்பத்திரி இல்லை, கப்பல் பிடித்துத் திரும்பிப் போகவும் மாதக்கணக்கு ஆகும்.

அவர் வேலையை விடவில்லை. இன்னும் நாலு வருஷம் சாயர்புரத்திலேயே இருந்தார். 1849-ல் சென்னையில் ஹென்ரியெட்டா வான் சோமரன் என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டு இங்கிலாந்து போனார். சாயர்புரம் அத்தியாயம் அதோட முடிஞ்சது.

நடுவில் ஒரு விஷயம். வெளியூர்ப் பசங்க போப்பையர்னு கேட்டதும் ஐயர்னா சாதி போலன்னு குழம்புவாங்க. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சபைப் போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம்னு சொல்லி வைங்க. போப்பையர், கால்டுவெல் ஐயர் எல்லாம் அப்படித்தான்.

கால்டுவெல் பேரைச் சொன்னதும் ஒரு ஒப்பீடு தோணுது. அவரும் போப் வந்த அதே காலத்தில்தான், 1841-ல், இடையன்குடிக்கு வந்தார். வந்தவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம்ம சீமையிலேயே வேர் பிடித்து நின்றார். போப்புக்கு அது வாய்க்கவில்லை. காரணம் பாதி விதி, பாதி அவர் குணம்.

1851-ல் இந்தியா திரும்பியவரைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். எட்டு வருஷம் அங்கே. இலக்கணப் புத்தகங்களில் அதிகம் உழைத்த காலம் இதுதான். வெளிநாட்டு மாணவனுக்குத் தமிழை அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தரும் கைநூல், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாக இலக்கணம். போப்பையர் இலக்கணம்னு பின்னாடி பல தலைமுறை படித்தது அதைத்தான். ஒரு கேள்வி, ஒரு பதில், அடுத்த கேள்வி. நம்ம டூ மார்க் கொஸ்டின் பேங்க்கின் கொள்ளுத் தாத்தான்னு சொன்னா அடிக்க வராதீங்க.

ஆனா தஞ்சாவூரில் அவர் யாரோடயும் ஒத்துப் போகலை. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள் தன் சபைக்குள் ஆள் இழுக்கிறார்கள் என்று சண்டை. 1853-ல் அவர்களுக்கு ஒரு கண்டனக் கடிதமே எழுதி அச்சிட்டார். சபைக்குள் சாதி பார்க்கலாமா கூடாதா என்பதில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய கவிஞரோடு மோதல். சாதிப் பழக்கத்தைச் சபைக்குள் விட்டுவைக்கலாம் என்று வாதாடியவர் சாஸ்திரியார். கூடாது என்ற பக்கத்தில் நின்றவர் போப். அந்த விஷயத்தில் நான் போப் பக்கம். ஆனால் சரியான பக்கம் நிற்கிறவன் எல்லாரும் சரியாகப் பேசுகிறவனாக இருப்பதில்லை. கோபக்காரர். கூட வேலை பார்த்த மிஷனரிகளோடயும் அவருக்கு ஆகலை. பிரம்பு வேற. போப்பின் வகுப்பில் படித்தவர்கள் அவர் அறிவை எவ்வளவு நினைவில் வைத்தார்களோ அவ்வளவு அவர் பிரம்பையும் நினைவில் வைத்தார்கள். அன்னைக்கு எல்லா வாத்தியாரும் அடிச்சாங்கதான். அந்தக் காலத்து ஆட்களே இது அதிகம்னு சொல்ற அளவுக்கு இவர் அடித்தார். சிலைக்கு மாலை போடும்போது யாரும் இதைச் சொல்றதில்லை.

தஞ்சாவூரும் போச்சு. 1859-ல் ஊட்டி. இப்ப அவருக்கு வயசு 39, குடும்பம் பெரிசு. கையில் நிலையான வேலை இல்லை. மலை மேல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக ஒரு கிராமர் ஸ்கூல் தொடங்கித் தானே தலைமை ஆசிரியரானார். வேலை கிடைக்கலைன்னா வேலையை உண்டாக்கிக்கிறதுன்னு உங்க ஸ்டார்ட்அப் செல்ல ஒருத்தர் வந்து பேசுவாரே, அதுதான் இது. பத்து வருஷத்துக்கு மேல அந்தப் பள்ளியை நடத்தினார். 1864-ல் கேன்டர்பரி பேராயர் டாக்டர் பட்டம் கொடுத்தார். படித்து வாங்கியதில்லை, செய்த வேலைக்காக வந்தது.

1870-களின் தொடக்கத்தில் பெங்களூரு, பிஷப் காட்டன் பள்ளி. ஆரம்பித்துச் சில வருஷமே ஆன பள்ளி அது. போப் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்து பத்து வருஷம் இருந்தார். இன்னைக்கும் அந்தப் பள்ளி மாணவர்களைப் பிரிக்கும் ஹவுஸ்களில் ஒன்றுக்குப் போப் பேர்தான். பெங்களூரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிற சீனியர் யாராவது அந்தப் பக்கம் போனா பார்த்துட்டு வாங்க.

ஊட்டியும் பெங்களூருவும் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல. அந்தக் காலம் முழுக்க அவர் பிழைப்பு ஆங்கிலம் பேசும் பிள்ளைகளோடு. தமிழ் அவருக்கு வேலையே இல்லை. ஆனாலும் குறள், நாலடியார், திருவாசகம்னு ராத்திரி உட்கார்ந்து படிச்சுக்கிட்டே இருந்தார். மெக்கானிக்கல் முடிச்சிட்டு சாப்ட்வேர்ல உட்கார்ந்து, சனி ஞாயிறு மட்டும் என்ஜினைப் பிரித்துப் பார்க்கிற அண்ணன்மாரை உங்களுக்குத் தெரியும்ல, அந்த மாதிரி.

1882-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். வயசு 62. நம்ம ஊர்க் கணக்குல ரிட்டயர்மென்ட் முடிஞ்சு பென்ஷன் புக்கோட அலையுற வயசு.

அப்பத்தான் ஆக்ஸ்போர்டு வருது. இந்தியாவுக்கு அனுப்பப் போகும் ஐ.சி.எஸ். அதிகாரிகள் போறதுக்கு முன்னாடி பல்கலைக்கழகத்தில் இந்திய மொழி படிக்கணும். சென்னை மாகாணத்துக்குப் போறவனுக்குத் தமிழோ தெலுங்கோ வேணும். அதுக்கு ஆள் தேவைப்பட்டது. 1884-ல் அந்த இடம் போப்புக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூட மாணவனாக இல்லாத ஆள், 64 வயசில், ஆக்ஸ்போர்டில் தமிழ், தெலுங்கு ஆசிரியர்! மற்ற வாத்தியார்களுக்கு இருந்த மாதிரி எம்.ஏ. இவருக்கு இல்லையே, அதனால் 1886-ல் பல்கலைக்கழகமே அதைக் கொடுத்துச் சரிக்கட்டியது. 1888-ல் பேலியல் கல்லூரிக்குச் சாப்ளின் பதவியும் வந்தது.

வகுப்பில் ஆள் அதிகம் இல்லை. மெட்ராஸ் போகப் போகிற சில இளைஞர்கள், அவ்வளவுதான். பரீட்சை பாஸ் பண்ணினா போதும்னு வந்தவங்களும் அதில் இருந்திருப்பாங்க, நமக்குத் தெரியாதா என்ன. ஆனா அந்தச் சின்ன வேலை அவருக்கு ஒரு பெரிய விஷயத்தைக் கொடுத்தது: நேரம், நூலகம், அச்சகம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த குறிப்புகளை எடுத்து விரித்தார்.

1886-ல் திருக்குறள் 1330 குறளும் ஆங்கிலத்தில், குறிப்போடும் சொல்லகராதியோடும் வந்தது. அவருக்கு முன்னாடி வீரமாமுனிவரும் எல்லிசும் செய்திருந்ததையும் அதே புத்தகத்தில் சேர்த்து அச்சிட்டார், மறைக்கலை. 1893-ல் நாலடியார். அதற்கப்புறம் திருவாசகம்.

திருவாசகத்துக்கு ஒரு கதை உண்டு, அதை அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவட்டோடு ஒரு ராத்திரி கல்லூரி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது திருவாசகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மொழிபெயர்க்கச் சொன்னார் ஜோவட். இந்த வயசில் தொடங்கினால் முடிக்க ஆயுசு இருக்காது என்று போப் தயங்கினார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ வழி, முடிக்கிற வரை இருப்பீர்கள் என்ற பொருளில் ஜோவட் தைரியம் சொன்னார். சொன்ன ஜோவட் 1893-ல் இறந்துவிட்டார். போப் இருந்தார். முடித்தார். முன்னுரையில் அவர் போட்ட தேதி 1900 ஏப்ரல் 24. அவருடைய எண்பதாவது பிறந்தநாள். முதல் தமிழ்ப் பாடம் 1837-ல் என்பதையும் அங்கேதான் குறித்து வைத்தார். 63 வருஷம். ஒரு கிறிஸ்தவ குரு, சைவத்தின் தலைநூலை, அதன் உருக்கம் குறையாமல் கொடுக்கணும்னு இப்படி மெனக்கெட்டிருக்கார். மொழிபெயர்ப்பு இன்னைக்குப் படிக்கும்போது கொஞ்சம் பழைய விக்டோரியன் வாசனை அடிக்கும், குறளை எதுகை பார்த்து இழுத்துக் கட்டிய இடங்கள் நெருடும். ஆனா மூலத்தைப் புரிஞ்சுக்காம எழுதின வரின்னு சட்டுன்னு கை காட்ட முடியாது.

1906-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் தங்கப் பதக்கம். நம்ம ஆட்களுக்கு ஒரு துணுக்கு: அவர் மகன்களில் ஒருத்தர், ஆர்தர், ரயில்வே இன்ஜினியர், இந்தியாவிலும் சீனாவிலும் வேலை பார்த்தவர். இன்னொருத்தர் பர்மாவில் கல்வித் துறை இயக்குநர். குடும்பமே ஊர் மாறி வேலை பார்த்த குடும்பம்.

சாயர்புரத்துப் பள்ளி என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. போப் போன பிறகும் நடந்தது. 1883-ல் கால்டுவெல் அந்தக் கல்வி நிலையத்தைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தார், கால்டுவெல் பேரில் கல்லூரியாக நடந்தது. தூத்துக்குடியில் கால்டுவெல் பள்ளி இன்னைக்கும் இருக்கு. சாயர்புரத்தில் போப் பேரில் கலைக் கல்லூரி 1962-ல் வந்தது, பிறகு இன்ஜினியரிங் கல்லூரியும். சென்னை மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளில் போப்பும் ஒருத்தர்.

இப்ப அந்தக் கல்லறை. 1908 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் இறந்தார், வயசு 87. கல்லில் தமிழ் மாணவன்னு இல்லை. ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அதன் போட்டோவைத் தேடிப் பாருங்க, நெட்டுல கிடைக்கும். அதில் இருப்பது வேற: தென்னிந்தியாவைச் சேர்ந்த போப், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் சாப்ளின் என்று இருக்கிறது. அந்தக் கல்லை வைத்தது அவர் குடும்பமும் தென்னிந்தியாவில் இருக்கும் அவருடைய தமிழ் நண்பர்களும் என்றும் செதுக்கியிருக்கிறது. கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் செத்த ஆளுக்குக் கல்லில் போட்ட ஊர் தென்னிந்தியா. எனக்கு அந்த ஃபார்வர்டை விட இதுதான் பெரிசாத் தெரியுது.

எம்.எஸ். படிக்க அந்தப் பக்கம் போறவங்க கவனத்துக்கு: இடம் ஆக்ஸ்போர்டில் ஜெரிகோ என்ற பகுதி, செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம், வால்டன் தெருவிலிருந்து உள்ளே போகணும்.